எஸ்தெவெல் கல்லறையில் ஒரு வங்காள வரி

என் தந்தையார் மறைந்த பிறகு, அவருடைய புத்தகங்கள் ஊர் நூலகத்துக்கும் கைக்கடிகாரம் தம்பிக்கும் போக, நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்துவந்த அஞ்சல்தலைகள் ஏழு தொகுப்பேடுகளாக என்னிடம் வந்து சேர்ந்தன. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகன் சென்ற வாரம் அவற்றுள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது யாருப்பா, என்னைவிடச் சின்னப் பையன் மாதிரி இருக்கானே?" என்று கேட்டான். சீருடை அணிந்த ஓர் இளைஞனின் முகம்; 1998 டிசம்பரில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தலை. அதன் கீழே அப்பாவின் கையெழுத்தில், பென்சிலால், பொடிப்பொடியாக இவ்வளவே எழுதியிருந்தது: "இந்திர லால் ராய். பிறப்பு 2.12.1898, கல்கத்தா. இறப்பு 22.7.1918, பிரான்சு." அதற்கும் அடியில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டு, விடையைச் சுற்றி வட்டமிட்டிருந்தார். விடை 19.

அந்த வட்டத்துக்குப் பின்னால் எங்கள் இருவருக்கும் இடையே நடந்த ஒரு சிறு வாக்குவாதம் இருக்கிறது. தலை வெளியான அந்த ஆண்டில் எனக்கு இருபத்தாறு வயது; எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிடத் தயங்காத வயது. தலை வெளியாகும் நாளிலேயே முத்திரை குத்தித் தரும் 'முதல் நாள் உறை'யோடு அப்பா தலைமை அஞ்சலகத்திலிருந்து திரும்பிய மாலையில், "வெள்ளைக்காரன் சண்டையில் வெள்ளைக்காரனுக்காகப் பறந்து செத்தவனுக்குச் சுதந்திர இந்தியா எதற்குத் தபால்தலை போட வேண்டும்?" என்று கேட்டேன். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. இடுக்கியால் தலையை எடுத்து ஏட்டில் பொருத்தினார். பென்சிலை எடுத்து அந்தக் கழித்தலைப் போட்டார். ஏட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். எனக்கு அது பதிலாகவே அப்போது படவில்லை. இப்போது என் மகனுக்குப் பத்தொன்பது வயது ஆகிறது. அவனுக்கு இரண்டு மூன்று மாலைகளில் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

இந்திர லால் ராயின் குடும்பம் இன்று வங்காளதேசத்தில் இருக்கும் பாரிசால் பகுதியின் லாகுடியா என்ற ஊரைச் சேர்ந்த ஜமீன்தார் குடும்பம். தந்தை பியாரி லால் ராய் பாரிஸ்டர். கல்கத்தாவில் அரசுத் தரப்பு வழக்குகளை நடத்தும் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் சூர்ய குமார் குட்டீவ் சக்ரவர்த்தி, மேலை மருத்துவம் பயின்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய் லலிதா ராய் ஆறு குழந்தைகளோடு லண்டனில் குடியேறினார். இந்திரலால் அங்கே செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்ந்தான். வீட்டிலும் நண்பர்களிடையேயும் அவனுக்கு வழங்கிய பெயர் 'லாடி'. பொடியன், பையன் என்று நாம் செல்லமாக விளிப்பதுபோல ஆங்கிலத்தில் விளிக்கும் சொல் அது. ('அவர்' என்று எழுதுவதே முறை என்பதை அறிவேன். ஆனால் என் மகன் வயதைத் தாண்டாத ஒருவனை, பொடியன் என்றே அழைக்கப்பட்டவனை, 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்தருள்க.)

தாயைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மகனைப் பற்றி எழுதுகிற பலர் அவரை ஒற்றைச் சொல்லில் கடந்துபோகிறார்கள். 1911 ஜூன் 17 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள் முன்னதாக, வாக்குரிமை கேட்டுப் பல்லாயிரம் பெண்கள் லண்டன் தெருக்களில் அணிவகுத்துச் சென்றனர். அந்த ஊர்வலத்தில் சேலை உடுத்த இந்தியப் பெண்களின் சிறு குழு ஒன்றும் நடந்தது. அதை ஒருங்கிணைத்தவர்களுள் முன்னணியில் இருந்தவர் லலிதா ராய். அந்தக் குழுவின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஆளும் நாட்டின் பெண்களுக்கே இல்லாத உரிமையை, ஆளப்படும் நாட்டின் பெண்ணொருவர் அந்த நாட்டின் தலைநகரத் தெருவில் இறங்கிக் கேட்ட நாளில் அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. கதவு சாத்தியிருந்தால் தட்டலாம் என்பதை அவன் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை.

1914இல் போர் மூண்டபோது அவன் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன். பதினெட்டை நெருங்கும் காலத்தில் பறக்கும் படையில் சேர வேண்டும் என்ற ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. அந்த ஆசையின் துணிச்சலை உணர, அன்றைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் படையில் இந்தியன் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதார் மேஜர் என்ற பதவிக்கு மேல் போக முடியாது. முந்தாநாள் கப்பலிலிருந்து இறங்கிய இளம் ஆங்கிலேய அதிகாரிக்கு, முப்பது ஆண்டு போர்க்களம் கண்ட சுபேதார் விறைத்து நின்று வணக்கம் செலுத்த வேண்டும். மன்னரின் ஆணையின்கீழ் முழு அதிகாரியாகும் உரிமைக்கு இருந்த தடையை நீக்குவதாக அரசு அறிவித்ததே 1917 ஆகஸ்டில்தான். அதற்கும் முன்னால், ராயல் ஃபிளையிங் கோர் என்ற பறக்கும் படைக்குள் விரல்விட்டு எண்ணத்தக்க சில இந்தியர் நுழைந்துவிட்டனர். ஆக்ஸ்போர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக், முதலில் பிரெஞ்சு விமானப்படைக்கே விண்ணப்பித்தவர். அவருடைய பேராசிரியர் வெட்கப்பட்டு உயரதிகாரிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் பிரிட்டிஷ் படையின் கதவு திறந்தது. தலைப்பாகையோடு பறந்த அவர் காலில் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பி, பிற்காலத்தில் பிரான்சுக்கே இந்தியத் தூதராகப் போனார். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீ கிருஷ்ண வெலிங்கர், எரல் சந்தர் சென் ஆகியோர் மற்ற இருவர். சென் போர்க்கைதியானார், வெலிங்கர் 1918 ஜூன் இறுதியில் காயங்களால் மாண்டார். நான்காமவன் நம்முடைய லாடி.

அவனுக்குக் குறுக்கே நின்றது தோலின் நிறம் மட்டுமன்று, கண்ணும்தான். உடற்தகுதித் தேர்வில் பார்வைக் குறைபாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றான். அந்தப் பணத்தில் லண்டனின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டான். அவருடைய சான்றின் பேரில் முதல் முடிவு மாற்றப்பட்டது. இந்த இடத்தைச் சொன்னபோது, மூக்குக் கண்ணாடி அணிந்தவனும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்காக இரண்டு ஆண்டுகளாக என்னை நச்சரித்துவருபவனுமான என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வண்டிய வித்துட்டானா?" என்றான். பதினெட்டு வயதில் ஒருவனிடம் இருக்கக்கூடிய சொத்தே அதுதான் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

1917 ஏப்ரலில் படையில் சேர்ந்து, ஜூலை 5 அன்று இரண்டாம் நிலை லெப்டினன்ட் ஆனான். பிரான்சில் வாந்தோம் என்ற ஊரில் பறக்கப் பயிற்சி, ஸ்காட்லாந்தில் டர்ன்பெரியில் துப்பாக்கிப் பயிற்சி. அக்டோபர் 30 அன்று 56ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்து, கேப்டன் ரிச்சர்டு மேபெரியின் அணியில் இடம்பெற்றான். அந்தப் பிரிவு அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றது. அவர்கள் ஓட்டியது எஸ்.இ.5ஏ என்ற ஒற்றை இருக்கை விமானம். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டிய உடல், திறந்த இருக்கை, சுழலும் விசிறியின் இடைவெளி வழியாகவே சுடும் ஓர் எந்திரத் துப்பாக்கி, மேல் இறக்கையில் பொருத்திய இன்னொன்று. அந்தத் திறந்த இருக்கையில் குளிர்காலத்து ஐரோப்பிய வானத்தில் பல ஆயிரம் அடி உயரத்துக்குப் போகிறவனுக்கு எதிரி சுடுவதற்கு முன்பே குளிர் பாதி உயிரைக் குடித்துவிடும்.

பத்தொன்பதாம் பிறந்தநாள் முடிந்து நான்கே நாளில், 1917 டிசம்பர் 6 அன்று, அவனுடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இதைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது: இறந்துவிட்டான் என்று கருதி உடலைப் பிணவறையில் கிடத்திவிட்டதாகவும், இரவில் நினைவு திரும்பிய அவன் பூட்டிய கதவைத் தட்டித்தட்டிக் கத்தியதாகவும், காவலாளி பயந்து திறக்க மறுத்ததாகவும் சொல்வார்கள். கொஞ்சம் மிகையாகவே என் காதுக்குப் படுகிறது. இளம் வயதில் மாண்டவர்களைச் சுற்றி இப்படிப்பட்ட கதைகள் தாமாகவே முளைக்கின்றன. விபத்து உண்மை, பலத்த காயம் உண்மை, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தது உண்மை. என்னை அதிகம் தைப்பது பிணவறைக் கதை அன்று; படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த மாதங்களில் அவன் விமானங்களை வரைந்துகொண்டே இருந்தான் என்ற செய்திதான். அந்த ஓவியங்களில் பல இன்றும் இருக்கின்றன. தன்னைத் தரையில் அறைந்த பொருளின் மேல் இவ்வளவு ஆசையா என்று கேட்கத் தோன்றுகிறது. பத்தொன்பது வயதில் அப்படித்தான் இருக்கும் போலும்.

உடல்நிலை பறக்கத் தகுதியற்றது என்று மருத்துவர்கள் எழுதிவிட்டனர். இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அத்தோடு அவன் வீடு திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; முறையான காகிதம் கையில் இருந்தது. போர் முடியப் பன்னிரண்டு மாதம்கூட இல்லை. அவனுடைய அண்ணன் பரேஷ் லால் ராயும் அந்தப் போரில் படையில் பணியாற்றி, உயிரோடு மீண்டு, இந்தியாவில் குத்துச்சண்டையைப் பரப்பி, முதிய வயது வரை வாழ்ந்தவர். தம்பிக்கும் அப்படி ஒரு வாழ்வு அமைந்திருக்கும். அவன் மேலதிகாரிகளை நச்சரித்து, மன்றாடி, மறுபடியும் ஒரு முறை தகுதிச் சான்று பெற்றுக்கொண்டு பிரான்சுக்குத் திரும்பினான். விதி அவனை இழுத்துச் சென்றது என்று ஒப்பாரியில் பாடலாம். ஆனால் அவன் போன வழியில் ஒவ்வொரு கதவையும் அவனே தட்டித் திறந்தான்.

1918 ஜூனில் அவன் சேர்ந்தது 40ஆம் ஸ்குவாட்ரன். அதற்குள் பறக்கும் படையும் கடற்படையின் விமானப் பிரிவும் ஒன்றாகி, ஏப்ரல் 1 முதல் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற புதுப்பெயர் பெற்றிருந்தன. அணித்தலைவர் ஜார்ஜ் மெக்எல்ராய் என்ற அயர்லாந்துக்காரர், ஏற்கெனவே பெயர் பெற்ற வான்போர் வீரர். அவரிடம் பையன் எதைக் கற்றானோ, முந்தைய ஆண்டில் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தாதவன், பதின்மூன்று நாளில் பத்து வெற்றிகளைப் பெற்றான். ஜூலை 6 அன்று துரோக்கூர் ஊரின் மேலே ஒரு ஹன்னோவர் விமானம். எட்டாம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. பதின்மூன்றாம் தேதி இரண்டு, பதினைந்தாம் தேதி இரண்டு, பதினெட்டாம் தேதி ஒன்று, பத்தொன்பதாம் தேதி கான்யிகூர் ஊரின் மேலே கடைசி ஒன்று. மொத்தத்தில் 170 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பறந்த ஒருவனின் கணக்கு இது. ஐந்து வெற்றிகள் பெற்றவரை 'ஏஸ்' என்று கொண்டாடுவது அன்றைய வழக்கம். அந்தப் பட்டத்துக்குரிய முதல் இந்தியன் இவனே.

கணக்கைச் சொல்லும்போது அதை முழுமையாகச் சொல்லிவிடுவதே நேர்மை. அந்தப் பத்தில் ஐந்து அழிக்கப்பட்டவை. மற்ற ஐந்து, கட்டுப்பாடிழந்து கீழே போனதைக் கண்டதாகப் பதிவானவை. இரு வகையிலும் ஒவ்வொன்று வேறொருவரோடு பங்கிட்டுக்கொண்ட வெற்றி. ஹன்னோவர் என்பது இரண்டு பேர் அமரும் விமானம்; ஒருவர் ஓட்டுவார், பின்னால் இருப்பவர் நோட்டமிடுவார், சுடுவார். ஆக, இந்திரலாலின் வெற்றி என்று ஏட்டில் ஏறிய பல வரிகளில் இரண்டிரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஊரிலும் யாராவது ஒருவர் கழித்தல் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். வீரத்தைப் பாடுகிறவர்கள் இதை ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நம் பழைய பாடல்களில்கூட எதிரியின் வீட்டு அழுகைக்கு இடம் உண்டு.

அதே பதின்மூன்று நாளில் இந்தியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவன் மூன்று விமானங்களை வீழ்த்திய அந்த ஜூலை 8ஆம் தேதிதான், இந்தியருக்கு எவ்வளவு தன்னாட்சி தரலாம் என்று அளந்து எழுதிய மாண்டேகு–செம்ஸ்போர்டு அறிக்கை வெளியானது. அதே கோடையில் காந்தி குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பிரிட்டிஷ் படையில் சேருமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரரசின் ஆபத்துக் காலத்தில் தோள்கொடுத்தால், போர் முடிந்ததும் உரிமை கிடைக்கும் என்று அவரே நம்பிய காலம் அது. போர் முடிந்த ஐந்தாம் மாதத்தில் வந்தது ஜாலியன்வாலா பாக். 1998இல் நான் அப்பாவிடம் கேட்ட கேள்வி, நடந்தவை அனைத்தையும் அறிந்த ஒருவன் எண்பது ஆண்டு கழித்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்ட கேள்வி. காந்திக்கே புலப்படாத ஒன்று, லண்டனில் வளர்ந்த ஒரு பள்ளிப் பையனுக்குப் புலப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

ஜூலை 22 அன்று காலை ரோந்துக்குப் போனவன் திரும்பவில்லை. கார்வான் ஊரின் மேலே, 29ஆம் ஜெர்மானியப் பிரிவைச் சேர்ந்த ஃபாக்கர் டி.VII விமானங்களோடு நடந்த சண்டையில் அவன் வீழ்ந்தான். அந்த ஆண்டில் வந்த ஃபாக்கர் டி.VII, எதிரிகள் அஞ்சிய விமானம். ஜெர்மானிய விமானிகளுக்கு அப்போது பாராசூட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் விமானிகளுக்குப் போர் முடியும் வரையில் அது வழங்கப்படவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 26 அன்று, அதே ஸ்குவாட்ரனில் முன்பு பறந்து புகழ்பெற்ற மிக் மேனக் வீழ்ந்தார். ஜூலை 31 அன்று மெக்எல்ராய் போனார். முதல் அணித்தலைவர் மேபெரி முந்தைய டிசம்பரிலேயே போய்விட்டார். அவனுடைய அணித்தலைவர்கள் இருவருமே போர் முடிந்த நாளைக் காணவில்லை. அந்த நாள் நவம்பர் 11. அவன் இறந்து நூற்றுப் பன்னிரண்டாம் நாள்.

செப்டம்பரில் அவனுக்கு டிஸ்டிங்க்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்ற வான்படை விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருதே அவ்வாண்டு ஜூனில்தான் ஏற்படுத்தப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியன் அவன். கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு சாலை அவன் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியாக 1954இல் பொறுப்பேற்ற சுப்ரதோ முகர்ஜி அந்தக் குடும்பத்தின் உறவினர். சிவப்பு பாரன் என்று பெயர்பெற்ற ரிக்டோஃபன், இவன் வீழ்ந்த இடத்தில் வானிலிருந்து மலர்வளையம் வீசினார் என்றொரு கதையைப் படித்திருக்கிறேன். ரிக்டோஃபன் ஏப்ரல் 21ஆம் தேதியே இறந்துவிட்டார். தேதியைக்கூடப் பாராமல் மலர்வளையம் வீசுகிறவர்களை என்ன சொல்ல?

அவன் வீழ்ந்த ஊருக்கு அருகில் எஸ்தெவெல் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் மக்களின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்திருக்கிறார்கள். இறந்தவர்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு போரின் தொடக்க ஆண்டிலேயே தடை விதித்திருந்தது. ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு சாவில் தெரியக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆகவே ஜமீன் குடும்பமானாலும் மகன் அங்கேயே கிடந்தான். அவனுடைய கல்லில் வங்காள எழுத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது: "மஹாபீரேர் ஸமாதி, ஸம்ப்ரம் தெகாவ், ஸ்பர்ஷ கொரோ நா."

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட பிரான்சின் ஒரு மூலையில், அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில், யாருக்காக இதை எழுதினார்கள்? வெட்டிய கல்தச்சனுக்கே அதில் ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. கோட்டைப் பார்த்துக் கோடு வெட்டியிருப்பான். வங்காளம் அறியாத நமக்கு, விந்தையாக, முக்கால்வாசி புரிந்துவிடுகிறது. மஹாபீர் என்பது மகாவீரன். வங்காளியின் நாவில் வகரம் பகரமாகும். சமாதி நமக்கும் சமாதிதான். ஸ்பர்ஷ, நம்முடைய பரிசம், ஸ்பரிசம். ஸம்ப்ரம் ஒன்றுதான் ஏமாற்றுகிறது: நமக்குச் சம்பிரமம் என்றால் கல்யாண வீட்டு ஆரவாரம், அவர்களுக்கோ அது மரியாதை. "மாவீரனின் சமாதி இது, மரியாதை காட்டு, தொடாதே." 'மன்னருக்காக', 'பேரரசுக்காக' என்ற சொல் அந்த வரியில் எங்கும் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆங்கிலப் பெயரால் அழைக்கப்பட்டு, ஆங்கிலேயர் படையில் பறந்தவனுக்குக் கடைசியில் தாய்மொழியில் ஒரு வரி. வீட்டார் அல்லாமல் வேறு யாருக்கு அது தோன்றியிருக்கும்? வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் அவன் செய்ததையும் அதில் பொறித்த மரபில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செஞ்சியிலும் தருமபுரியிலும் முள்ளுக்காட்டில் நிற்கும் நடுகற்களில் உள்ள வட்டெழுத்தையும் இன்று அவ்வூர்க்காரர்கள் வாசிப்பதில்லை. ஆயினும் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அந்தக் கல்லின் மேல் ஏறி உட்காருவதில்லை.

எஸ்தெவெல்லிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு உள்ளாகவே நவ் ஷப்பேல் இருக்கிறது. அங்கே 1927இல் திறந்துவைத்த நினைவிடத்தின் வட்டச் சுவரில், மேலைப் போர்முனையில் மாண்டு கல்லறைகூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர்களின் பெயர்கள் உள்ளன. முதல் உலகப்போரில் கடல் கடந்து சென்ற இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். அவர்களுடைய கண்ணைச் சோதிக்கச் சொல்லி எவரும் வண்டியை விற்கவில்லை. பலர் சம்பளத்துக்காகப் போனார்கள், சிலர் ஊர்த்தலைவரின் நெருக்கடியால் போனார்கள். அவர்களுக்கு அஞ்சல்தலை இல்லை, தாய்மொழியில் தனி வரியும் இல்லை. இந்திரலாலைப் பற்றி எழுதும் கையோடு இதையும் எழுதாமல் விட்டால், ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்குக் கிடைத்த வெளிச்சத்தை நானும் கூட்டிவிட்டவன் ஆவேன்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரத்தில், 1952இல் அமைத்த போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப்போரில் மாண்ட எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள்; தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளிலிருந்து திரட்டிக்கொண்டுவந்தவர்கள். வெட்டிச் சீர்செய்த புல்தரை, வரிசை தவறாத கற்கள், சிலவற்றில் இருபது, இருபத்திரண்டு என்ற எண்கள். எங்கோ இருக்கும் ஒரு தாய் தன் மொழியில் எழுதி அனுப்பிய வரியை, அந்தச் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நாம் எட்டிப் பார்த்ததில்லை. எஸ்தெவெல் ஊர்க்காரர்கள் நம்மைக் காட்டிலும் அதிகம் எட்டிப் பார்த்திருப்பார்களா என்று கேட்டால், அதுவும் ஐயம்தான்.

மூன்றாம் நாள் மாலை, கதையெல்லாம் முடிந்த பிறகு, மகன் மறுபடியும் அந்த ஏட்டைத் திறந்தான். அப்பாவின் பென்சில் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏழு மாசம் இருபது நாள் விட்டுட்டார் தாத்தா" என்றான். அவன் கணக்கு சரிதான், பத்தொன்பது வயதும் ஏழு மாதமும் இருபது நாளும். பிறகு அஞ்சல்தலையைத் திருப்பிப் பார்ப்பதற்காக அதன் ஓரத்தை நோக்கி விரலைக் கொண்டுபோனான். விரல் பட்டால் தலையின் பின்பசையும் நிறமும் கெட்டுவிடும் என்று அப்பா எங்களை வாழ்நாள் முழுக்கக் கண்டித்திருக்கிறார். அதே குரல் என் வாயிலிருந்து புறப்பட்டது.

"தொடாதே."

அவன் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மேசை இழுப்பறையிலிருந்து அப்பாவின் இடுக்கியை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.